அப்பாவின் பந்து மறுபடி வளைகிறது

அன்பு மகனுக்கு,

வழக்கமாகக் கடிதத்தின் தலையில் ஒரு வசனம் எழுதித்தான் ஆரம்பிப்பேன், உனக்குத் தெரியும். இன்றைக்கு வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த வசனமும் கைக்கு வரவில்லை. அதனால் வெறும் தாளிலேயே ஆரம்பிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

மஸ்கட்டிலிருந்து நீ அப்பாவுக்கு எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. நாலு பக்கமும் கோல்ஃப். இடது கையை மட்டையில் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் விரல் முட்டிகள் மூன்று தெரிய வேண்டும் என்று படம் வரைந்து அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தாய். அப்பா அதைப் பீரோக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். காலையில் சட்டை எடுக்கும்போது ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். மகனே, உன் படத்தில் ஒரு தப்பும் இல்லை. அப்படிப் பிடித்தால் பந்து வளையாது. ஆனால் அப்பாவால் அப்படிப் பிடிக்க முடியாது. அவருடைய இடது கையில் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. அதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் எழுதிவிட்டேன். இதற்கு மேல் பூசி மெழுக எனக்குத் தெம்பு இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும், பாதி நீ பிறக்கும் முன்பும் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் நடந்தது. மலையடிவாரத்தில் இந்தப் பஞ்சாலையைக் கட்டிய வெள்ளைக்காரர்கள், ஆற்றங்கரை ஓரமாக ஆறு குழியுள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தையும் போட்டு வைத்துவிட்டுப் போனார்கள். குழியைச் சுற்றிப் புல் வளர்க்க வழியில்லாமல் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி வைத்திருப்பார்களே, அந்த மைதானம்தான். துரைமார் போனதும் அது ஆலை ஆபீசர்களின் சொத்தாகிவிட்டது. ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்த அப்பாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். கல்யாணமாகி நான் பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வந்த அன்றைக்குச் சாயங்காலமே, அடுப்படிக்குப் பின்னால் கீரைப்பாத்தியில் ஒரு வெள்ளைப் பந்து வந்து பொத்தென்று விழுந்தது. ஏதோ பறவை முட்டை போட்டுவிட்டதோ என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். இன்றுவரை உன் அப்பா அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

நம்முடைய குவார்ட்டர்ஸ் இருக்கிற இடம் அப்படி. முதல் குழிக்கு வடக்கே பார்த்து அடிக்க வேண்டும். அடிக்கிறவருக்கு வலப்பக்கம் நம் வீடு, இடப்பக்கம் ஆலை, அதன் சிம்னி. இந்த கிளப்பில் யார் அடித்தாலும் பந்து நேராகக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போய், அப்படியே வலப்பக்கம் ஒதுங்கி நம் வேலிக்குள் வந்து விழும். நான் பொறுக்கி ஓலைப்பெட்டியில் போட்டு வைப்பேன். பொழுது சாய அவரவர் வந்து பெட்டியைக் கிளறித் தம்முடையதை எடுத்துக்கொண்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போவார்கள். பந்து ஏன் வளைகிறது என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான். மேல்காற்று. மேற்கே மலை இடைவெளியிலிருந்து வருகிற காற்று பந்தைத் தள்ளிவிடுகிறது. அதற்கு வைத்தியமும் ஒன்றுதான்: குழியைப் பார்க்காதே, சிம்னியைப் பார்த்து அடி. இடப்பக்கம் பார்த்து அடித்தால் காற்று தள்ளிக்கொண்டு வந்து குழிப்பக்கம் சேர்த்துவிடும். புதிதாக யார் கிளப்பில் சேர்ந்தாலும் மட்டையைக் கையில் கொடுத்து முதலில் சிம்னியைத்தான் காட்டுவார்கள்.

ஆனியிலும் ஆடியிலும் இதை நான் ஒப்புக்கொண்டேன். அந்தக் காற்றில் துவைத்த வேட்டியே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கார்த்திகை வந்தது. காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து அடித்தது. அப்போதும் பந்து என் கீரைப்பாத்தியில்தான் விழுந்தது. பெட்டியைக் கிளற வந்த சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் நூற்புப் பிரிவில் மேலாள், அப்பாவுக்கு ஆட்டத்தில் ஜோடி. “காற்று மாறிவிட்டதே அண்ணாச்சி, பந்து ஏன் மாறவில்லை?” அவர் கொஞ்சமும் அசரவில்லை. “டீச்சரம்மா, இந்தக் காத்து நேரா மலையில போய் முட்டித் திரும்பி வருதுல்லா, அதான் தள்ளுது” என்றார். அப்பாவும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். நான் அம்பாசமுத்திரத்தில் பெண்பிள்ளைகளுக்கு பிஸிக்ஸ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்ல!

அன்றைக்கு அவர்கள் போன பிறகு தோசைக்கரண்டியையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்து அப்பாவுக்கு விளக்கினேன். மட்டை போகிற வழி ஒன்று, மட்டையின் முகம் பார்க்கிற திசை ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் பந்து நேராகப் போகும். மட்டை இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்போது முகம் மட்டும் வலப்பக்கம் திறந்து கிடந்தால், பந்து பக்கவாட்டில் சுழலும், சுழன்ற பந்து முகம் பார்த்த பக்கமே வளையும். “நீங்க சிம்னிய பாத்து நிக்கிய. உடம்பு சிம்னிப் பக்கம் திரும்பிருது, மட்டையும் அந்தப் பக்கமே போவுது. ஆனா மனசு குழியில இருக்கதுனால மட்டை முகம் மட்டும் குழியைப் பாக்கு. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கோ, அவ்வளவுக்கு வளையும். வளைவு கூடக்கூட இன்னும் இடப்பக்கம் பாக்கிய. அதுனால இன்னும் வளையும்” என்றேன். அப்பா எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இவ ஒருத்தி, ஆட்டத்தையும் பாடமாக்கிருவா” என்று எழுந்து போய்விட்டார்.

போனாரே தவிர, விடவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் மைதானத்தில் போய் நின்று இடது கையைத் திருப்பிப் பிடித்தார், மட்டையை இடப்பக்கம் இழுக்காமல் உடம்பை ஒட்டி வெளிப்பக்கமாக வீசிப் பார்த்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படிப் போனது. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து எல்லாரும் ஆட வந்தபோது, பழக்கத்தில் சிம்னியைப் பார்த்து நின்று அடித்துவிட்டார். பந்து துளி வளையாமல் நேரே போய் பாய்லர் அறைக் கண்ணாடியை உடைத்தது. மைதானமே வாயைப் பிளந்து நின்றது. சங்கரலிங்கம் அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டு, “என்னவே இது, சிம்னிய பாத்து அடிச்சா சிம்னிக்கேவா போவும்?” என்று கத்தினார். நேராக அடித்ததற்காகத் திட்டு வாங்கிய மனிதர் உலகத்தில் உன் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். அதன் பிறகு கிளப்பில் குழியைப் பார்த்து நின்று அடிக்கிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் பந்து வழக்கம்போல என் பெட்டிக்கு வந்தது. அப்பாவின் பந்து வரவே இல்லை. எனக்கு அதில் சொல்ல முடியாத கர்வம் இருந்தது.

உனக்கும் அவருக்கும் நடந்ததைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. உன் படிப்பு முடிந்ததும் ஆலையில் உனக்கு ஒரு இடம் கேட்டு மேனேஜரின் அறை வாசலில் அவர் நின்றார். ஒருவரிடமும் போய் நிற்காத மனிதர். நீ வேண்டாம் என்றாய், மஸ்கட்டுக்குப் போகிறேன் என்றாய். “போறவன் போட்டும். இங்கன ஒருத்தனும் பிடிச்சு வைக்கல” என்று சொல்லிவிட்டு அவர் டியூட்டிக்குப் போய்விட்டார். உன்னை பஸ் ஏற்றிவிடவும் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் உன் கடிதங்கள் எனக்கு மட்டும் வந்தன. கடைசி வரியில் ‘அப்பாவுக்கு என் ஸ்தோத்திரம்’ என்று இருக்கும். நான் வாசித்துக் காட்டுவேன். அவர் எழுந்து போய்விடுவார்.

அப்புறம் ஒரு கடிதத்தில் நீ எழுதியிருந்தாய்: இங்கே கம்பெனிக்காரர்கள் வெறும் மணலில் கோல்ஃப் ஆடுகிறார்கள், கையோடு ஒரு புல்பாய்த் துண்டைத் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள், என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் என் பந்து வலப்பக்கம் வளைகிறது, அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள் என்று. நான் வாசித்து முடிக்கும் முன்பே அப்பா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தாள் தாளாக எழுதினார். தோசைக்கரண்டிப் பாடத்தை முழுக்கத் தன்னுடையதாக்கி எழுதியிருந்தார், என் பெயரையே காணோம். போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் கடிதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நலமா என்றுகூட இருக்காது. முட்டி, மணிக்கட்டு, மட்டையின் முகம், அவ்வளவுதான். வேறு வீடுகளில் அப்பனும் மகனும் பேசிக்கொள்வதையெல்லாம் நீங்கள் இந்த ஒரு பந்தை வைத்துப் பேசிவிட்டீர்கள்.

போன வருஷம் சாரல் ஆரம்பித்த சமயம். கீரை பறிக்கப் போனவள் பாத்தியில் ஒரு பந்தைப் பார்த்தேன். எடுத்துத் திருப்பினால் சிவப்பு மையில் ஒரு புள்ளி. அப்பாவின் அடையாளம். என்றைக்காவது கை தவறாதா என்று பெட்டியில் போட்டேன். மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும். சாயங்காலம் அவர் பெட்டியைக் கிளறித் தன் பந்தை எடுத்துக்கொண்டார். “மேல்காத்துல்லா” என்றார் அவர். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. பாய்லர் கண்ணாடி உடைந்த நாளிலிருந்து காற்று என்ற சொல்லை அந்த ஆட்டத்தில் அவர் சொன்னதே இல்லை.

இந்தத் தடவை அவர் உனக்கு எழுதிக் கேட்டார், அவரிடம் கற்றுக்கொண்ட நீ ஒவ்வொன்றாகத் திருத்தம் சொன்னாய். நீ அனுப்பிய கையுறையைப் போட்டுப் பார்த்தார். பந்தைக் காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்தார். தோளைத் திருப்பினார். ஒவ்வொன்றும் ஓரிரு நாள் பலித்த மாதிரி இருக்கும், மறுபடி வளையும். ‘பையன் சொன்னதை நான் சரியாச் செய்யலை’ என்று தன்னையே நொந்துகொள்வார். அதற்குள் இடது கையால் டிபன் டப்பா மூடியைத் திறக்க முடியாமல் போயிற்று. சட்டைப் பொத்தானை நான் மாட்டிவிட்டேன். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. தோலுக்கடியில் பல்லி ஓடுகிற மாதிரி ஒரு துடிப்பு. நான்தான் சண்டை போட்டுப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் நல்ல மனிதர். தட்டிப் பார்த்தார், ஊசி குத்திப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து மறைக்காமல் சொன்னார். இது ஏறுகிற நோய். இந்தக் கை, அப்புறம் அந்தக் கை, கால், கடைசியில் தொண்டையும் மூச்சும். எங்கே கொண்டுபோனாலும் இதையேதான் சொல்வார்கள், இருப்பதை வீணாக்கி அலைய வேண்டாம் என்றார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “டாக்டர், பந்து வலப்பக்கம் வளையுதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?” டாக்டருக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். மட்டை பந்தைத் தொடுகிற நேரத்தில் முகத்தைத் திருப்பி நேராக்குவதில் இடது கைக்குத்தான் பெரிய பங்கு. அதில் பிடி இல்லையென்றால் முகம் திறந்தே கிடக்கும். எவ்வளவு சரியாக நின்றாலும் திறந்துதான் கிடக்கும். “உண்டு” என்று நான் சொன்னேன். இத்தனை வருஷம் படித்ததும் பாடம் சொன்னதும் அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தானா என்று எனக்கு அழுகை வந்தது. அப்பா அழவில்லை. “அப்பம் பையன் சொன்னதுல தப்பில்ல” என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ் சேரன்மகாதேவி தாண்டியது. அப்பா பைய என் பக்கம் சாய்ந்து, “பிள்ளைக்கு எழுதாத, என்னா” என்றார். ஏன் என்று கேட்டேன். “எழுதினா, அடுத்த கடுதாசில ‘அப்பா உடம்பப் பாத்துக்கோங்க’ன்னு ரெண்டு வரி வரும். அந்த ரெண்டு வரிய வச்சு நான் என்ன செய்ய? இப்பம் நாலு பக்கம் எழுதுதான்.” ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். நான் எழுதமாட்டேன் என்று தலையாட்டினேன். ஒன்றிரண்டு மாதம் அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தேன்.

பின் ஏன் எழுதுகிறேன்? அடுத்த ஆடியில் லீவு கிடைக்கும், வந்து பின்னால் நின்று பார்த்து அப்பாவின் வளைவை ஒரே நாளில் சரிசெய்துவிடுகிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். அதை வாசித்த அன்றைக்கு அப்பா என்னிடம் காலண்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அடுத்த ஆடிக்கு அவர் கையில் மட்டை நிற்காது, மகனே. நிற்கும் என்று சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு வாய் வரவில்லை. ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வந்து ‘அற்புதம் நடக்கும்’ என்கிறார்கள். நான் ஆமென் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்புகிறேன். எனக்கு இப்போது ஜெபத்தில் என்ன கேட்பதென்றே தெரியவில்லை. உன் பாஸ்போர்ட் கம்பெனிக்காரனிடம் இருக்கிறது, நடுவில் கிளம்பினால் வேலை போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே வா என்று எழுத மனம் இல்லை. வராதே என்று எழுதவும் கை ஓடவில்லை. நீ பெரியவன். இதை உன் தலையில் இறக்கிவைத்ததற்கு என்னைத் திட்டிக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாவுக்கு எழுதுவதை நிறுத்தாதே. இதெல்லாம் தெரியாத மாதிரியே முட்டியும் மணிக்கட்டுமாக நாலு பக்கம் எழுது. பலிக்காது என்று தெரிந்துகொண்டு எழுதுவது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்காமல் இல்லை. நான் தினமும் அவர் பொத்தானை மாட்டிவிட்டு, “போய் ஆடிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்புகிறேன், அதைப் போலத்தான் இருக்கும். பழகிக்கொள் என்று சொல்லமாட்டேன். எனக்கே பழகவில்லை.

இப்போது அவர் மறுபடி சிம்னியைப் பார்த்துத்தான் அடிக்கிறார். வளைவு கூடுகிறது, அதனால் இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்கிறார், அதனால் இன்னும் வளைகிறது. அது தப்பு என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான். இப்போது வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். கிளப்பில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். “இப்பந்தான் நம்ம ஆளா வந்திருக்கீரு, வே” என்று சங்கரலிங்கம் அண்ணாச்சி அவர் தோளில் தட்டினார். அண்ணாச்சிக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவும் அவரோடு சேர்ந்து சிரித்தார்.

நீ எப்போதாவது வந்து சேர்ந்தால், அப்போதும் அவர் ஒரு கையாலாவது மட்டையைத் தொடுகிற நிலையில் இருந்தால், அவருக்குப் பின்னால் போய் நிற்காதே. பிடியைப் பார்க்காதே, தோளைத் திருப்பாதே. பந்து விழுகிற இடத்தில் போய் நில். முன்பு என்றால் அது நம் கீரைப்பாத்தி. போன மாதத்திலிருந்து பந்து வேலியைத் தாண்டுவதில்லை. பெட்டிக்கு மற்றவர்கள் பந்து வருகிறது, சிவப்புப் புள்ளி வருவதில்லை. மைதானத்தின் பாதியிலேயே விழுந்துவிடுகிறது, நேற்று அதற்கும் கிட்டத்தில் விழுந்தது. நீ வரும்போது இன்னும் கிட்டத்தில்தான் விழும். அப்போது பந்து விழுகிற இடத்தில் நின்றாலே நீ அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரிதான் இருக்கும். குனிந்து பந்தை எடுத்து அவர் கையில் கொடு. இடது கையில் அல்ல, வலது கையில்.

அம்மா